பேனலின் பின்னால் பெல்டியர் ஒட்டினால் சூடும் மின்சாரமாகுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மே மாத நண்பகலில் மொட்டை மாடி சோலார் பேனலின் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி எல்லாம் இப்படிச் சூடாகப் போகிறது. பின்னால் பெல்டியர் தகடுகளை (ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் தரும் சின்னத் தகடுகள்) ஒட்டி அதையும் மின்சாரமாக்கினால் என்ன? கூடவே இன்னொன்று: சூடும் ஆற்றல்தானே, பிறகு ஏன் சூடு ஏற ஏறப் பேனல் குறைவாகத் தருகிறது?

ஒட்டினால் மின்சாரம் வரும். மல்டிமீட்டர் வோல்டேஜ் காட்டும், சின்ன எல்இடி ஒன்று எரியவும் செய்யலாம். ஆனால் பெல்டியர் தருவதைவிட அதிகமாகப் பேனல் இழக்கும். தகட்டைத் தரமாக வாங்கினாலும், பசையை நன்றாகத் தடவினாலும் கணக்கு மாறாது. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

வெயில் வேறு, சூடு வேறு

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,770 கெல்வினில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஒளி தெளிவான நண்பகலில் நம் மாடியில் விழும்போது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். தூரத்தால் அளவு குறைந்திருக்கிறது, தரம் குறையவில்லை. ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், கிளம்பியபோது வைத்திருந்த ஆற்றலை அப்படியே கொண்டுவருகிறது. பச்சை ஒளியின் ஃபோட்டான் ஒன்றில் சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு) இருக்கும். 70 டிகிரியில் இருக்கும் பேனலின் அடிப்பக்கத்திலோ, அணுக்களின் அதிர்வில் இருப்பது 0.03 எலெக்ட்ரான் வோல்ட் அளவில்தான். ஒருவர் கையில் இருந்த பணம் எண்பது பேர் கையில் சில்லறையாகச் சிதறிய மாதிரி. மொத்தத் தொகை குறையவில்லை, ஆனால் அதை வைத்து இனிப் பெரிதாக எதையும் வாங்க முடியாது.

சிலிக்கானில் ஓர் எலெக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க 1.12 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அலைநீளத்தில் சொன்னால் ஏறக்குறைய 1,100 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைவிட நீளமான அலைகளால் சிலிக்கானில் எந்த வேலையும் நடக்காது. அவை உள்ளே புகுந்து, பின்பக்க அலுமினியத்தில் பட்டுச் சூடாகும் அல்லது திரும்பி வெளியே போகும். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கில் போய்விடும்.

அலைநீளம் குறைந்த ஒளியில் வேறு பிரச்சினை. 2.4 கொண்டுவந்த ஃபோட்டானும் ஓர் எலெக்ட்ரானைத்தான் விடுவிக்கும். மிச்சம் 1.3 எலெக்ட்ரான் வோல்ட்டை அந்த எலெக்ட்ரான் ஒரு சில பிக்கோ வினாடிகளில் அணுக்கூட்டத்தின் மேல் கொட்டிவிடும். பேனல் கொதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். மொத்த வெயிலில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது.

ஆக, 1,000 வாட்டில் 200 பயன்படாத அகச்சிவப்பு, 320 அளவுக்கு உபரி ஆற்றல், 210 மின்சாரம். மீதி 270 வாட் எங்கே? கண்ணாடியில் எதிரொளிப்பது, செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, மின்கம்பிகளின் மின்தடை எல்லாம் அதில் உண்டு. ஆனால் பெரும்பங்கு வோல்டேஜ் இழப்பு. ஒவ்வோர் எலெக்ட்ரானும் 1.12 வோல்ட்டோடு வெளியே வர வேண்டும், வருவதோ திறந்த நிலையில் 0.7 வோல்ட் அளவில். இந்த 0.4 வோல்ட் வித்தியாசம்தான் உங்கள் இரண்டாவது கேள்வியின் உயிர்நாடி.

சூட்டில் வோல்டேஜ் ஏன் இறங்குகிறது

செல்லுக்குள் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராக நடக்கின்றன. வெயில் எலெக்ட்ரான்களை விடுவித்துக்கொண்டே இருக்கிறது, அவை மறுபடி பிணைப்பில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கம்பியைக் கழற்றிவிட்டால் இரண்டும் சமமாகும்வரை வோல்டேஜ் ஏறும். சமமாகும் இடமே திறந்த சுற்று வோல்டேஜ். கசியும் குடத்தில் குழாய் நீர் விழுவதைப் போல. ஓட்டையின் அளவுதான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது.

வெப்பநிலை ஏறினால் அந்த ஓட்டை பெரிதாகிறது, அதுவும் நேர்விகிதத்தில் அல்ல. சூட்டினாலேயே விடுபடும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை அடுக்குக்குறியாக ஏறும், அதனோடு மறுபடி விழும் வேகமும் ஏறும். வெயில் தரும் ஓட்டமோ அநேகமாக அப்படியே இருக்கிறது. நுட்பமாகப் பார்த்தால் டிகிரிக்கு 0.05 சதவீதம் கூடவே செய்கிறது, ஏனென்றால் எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான அந்த 1.12, அதாவது ஆற்றல் இடைவெளி, சூட்டில் சற்றுச் சுருங்கி, கொஞ்சம் கூடுதல் அகச்சிவப்பு பயன்படுகிறது. அந்தச் சிறு லாபத்தை வோல்டேஜ் இழப்பு விழுங்கிவிடும்.

எவ்வளவு இறங்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். வெப்பநிலை பூஜ்ய கெல்வினை நெருங்கினால் சிலிக்கான் செல்லின் வோல்டேஜ் 1.2 வோல்ட்டை நோக்கிப் போகும். 300 கெல்வினில் 0.7 வோல்ட். இடையிலுள்ள 0.5 வோல்ட்டோடு ஒரு சிறு திருத்தம் 0.08 சேர்த்து 300-ஆல் வகுத்தால், டிகிரிக்கு 1.9 மில்லிவோல்ட் வருகிறது. 0.7 வோல்ட்டில் இது 0.27 சதவீதம். பேனலின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள், திறந்த சுற்று வோல்டேஜுக்கான வெப்பநிலைக் குணகம் அநேகமாக இதே எண்ணாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அறை வெப்பநிலையில் எந்த செல்லின் வோல்டேஜ் அதிகமோ, அது சூட்டில் குறைவாக இறங்கும். கழிக்கும்போது மிச்சம் சிறிதாகிறதல்லவா. ஹெட்டரோஜங்ஷன் என்ற வகைச் செல்கள் 0.74 வோல்ட்டைத் தொடுவதால் அவற்றின் திறன் டிகிரிக்கு 0.25 சதவீத அளவில்தான் குறைகிறது. டாப்கான் வகையில் 0.30, பெர்க் வகையில் 0.35, பழைய பாலிகிரிஸ்டலைனில் 0.40. விற்பனையாளர்கள் இதை ஏதோ சூடு தாங்கும் ரகசியப் பூச்சு மாதிரி விளக்குவது உண்டு. பூச்சு ஒன்றுமில்லை, ஓட்டை சிறிது, அவ்வளவே.

இனி உங்கள் மாடி. பேனலின் மேல் அச்சிட்ட 550 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருந்தால்தான். அதாவது குளிரூட்டிய சோதனைக் கூடத்தில் ஒரு கணம் ஒளியைப் பாய்ச்சி அளந்த எண். விவரத்தாளில் இன்னொரு எண் இருக்கும்: இயங்கு வெப்பநிலை, வழக்கமாக 45 டிகிரி. காற்று 20 டிகிரி, வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், காற்று வினாடிக்கு 1 மீட்டர் வேகம், பின்பக்கம் திறந்திருக்கிறது என்ற நிலையில் செல் அடையும் வெப்பநிலை அது. ஆக 800 வாட்டுக்கு 25 டிகிரி ஏற்றம், 1,000 வாட்டுக்கு 31. காற்று 38 டிகிரி என்றால் செல் 69 டிகிரி. 25-க்கு மேல் 44 டிகிரி, அதை 0.35-ஆல் பெருக்கினால் 15.4 சதவீத இழப்பு. 550 வாட் பேனல் 465 வாட்தான் தரும். இதில் தூசியும் இல்லை, கேபிள் இழப்பும் இல்லை. வேலூரில் உச்சி வெயிலில் இந்த எண் வந்தால் பேனல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். புகார் எழுத வேண்டாம். அதே பேனலை லடாக்கின் லே நகரத்தில், ஜனவரியில் காற்று 0 டிகிரியில் இருக்கும்போது வைத்தால் செல் 31 டிகிரி, இழப்பு 2 சதவீதம்.

பெல்டியரின் கணக்கு

1821-இல் சீபெக் கண்டது இதுதான்: இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியைச் சூடாக்கினால் வளையத்தில் மின்னோட்டம் உண்டாகிறது. சூடான முனையிலுள்ள மின்சுமைகள் குளிர்ந்த முனைக்குப் பரவுவதால் வோல்டேஜ் எழுகிறது. 1834-இல் பெல்டியர் இதன் மறுபக்கத்தைக் கண்டார், மின்சாரம் பாய்ச்சினால் ஒரு சந்தி குளிரும். கடையில் கிடைக்கும் தகடு பெல்டியரின் பெயரில் விற்றாலும், அதில் சூட்டை வைத்து மின்சாரம் எடுக்கும்போது நடப்பது சீபெக்கின் வேலை.

எங்கும் கிடைக்கும் 12706 எண் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்குக்கு நான்கு சென்டிமீட்டர், உள்ளே பிஸ்மத் டெல்லுரைடு துண்டுகள் 127 ஜோடி. ஒரு ஜோடி டிகிரிக்கு 0.4 மில்லிவோல்ட், மொத்தத் தகடு டிகிரிக்கு 0.05 வோல்ட். உள்மின்தடை சுமார் 2 ஓம். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அரை வாட் வெப்பம் அதனூடே பாயும்.

இணைய வீடியோக்களில் செய்வது போல ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் தண்ணீர் வைத்து 20 டிகிரி வித்தியாசம் உண்டாக்கினால் திறந்த நிலையில் 1 வோல்ட் காட்டும். ஏமாறும் இடம் இது. இருபது தகட்டைத் தொடராக இணைத்தால் 20 வோல்ட், பேட்டரியே சார்ஜ் ஆகும் என்று தோன்றும். லோடு போட்டவுடன் வோல்டேஜ் பாதியாகும், அரை வோல்ட்டும் கால் ஆம்பியரும். அதாவது 0.125 வாட். அதற்குத் தகட்டின் வழியே பாயும் வெப்பம் 14 வாட், ஏனென்றால் சும்மா கடத்தப்படும் 10 வாட்டோடு மின்னோட்டமே சூடான பக்கத்திலிருந்து சுமந்து செல்லும் 4 வாட்டும் சேரும். திறன் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதுவும் முதல் நிமிடத்தில் மட்டும். குளிர்ந்த பக்கத்துத் தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் வித்தியாசம் சரிந்துவிடும். வீடியோ பொதுவாக அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பேனலுக்குப் பின்னால் நிலைமை இதைவிட மோசம். ஒரு தகட்டின் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர், அதன் மேல் விழும் வெயில் 1.6 வாட். மின்சாரமாகவும் எதிரொளியாகவும் போனது போக வெப்பம் 1.1 வாட். அதில் பாதிக்கு மேல் முன்பக்கக் கண்ணாடி வழியாகவே போய்விடும். தாராளமாக எல்லாம் தகட்டின் வழியாகவே போகிறது என்று வைத்தாலும், டிகிரிக்கு அரை வாட் கடத்தும் தகட்டின் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 2.2 டிகிரிதான். பின்பக்கம் 69, காற்று 38, ஆகவே 31 டிகிரி கிடைக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த 31 டிகிரியின் பெரும்பகுதி தகட்டுக்கும் காற்றுக்கும் இடையில்தான் நிற்கிறது, தகட்டுக்குள் அல்ல.

2.2 டிகிரிக்கு 0.11 வோல்ட். அதிலிருந்து எடுக்க முடிவது 1.5 மில்லிவாட். ஒரு சதுர மீட்டரை முழுதாக மூட 625 தகடுகள் வேண்டும், எல்லாம் சேர்ந்து 1 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. தகடு ஒன்று நூறு ரூபாய் என்று வைத்தாலும் சதுர மீட்டருக்கு 62,500 ரூபாய். சரி, பணத்தை விடுங்கள். அந்தத் தகடுகள் வெப்பத்தின் பாதையில் ஒரு தடை. வெப்பம் வெளியேற 2.2 டிகிரி கூடுதல் வித்தியாசம் தேவைப்படுவதால் செல் அதே 2.2 டிகிரி கூடுதலாகச் சூடாகும். சதுர மீட்டருக்கு 213 வாட் தரும் பேனல், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால் 0.75 வாட் இழக்கும். 2.2 டிகிரிக்கு 1.6 வாட். வரவு 1 வாட், செலவு 1.6 வாட்.

தகட்டின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்ச இடத்தை அடைத்து, வெப்பத்தை எல்லாம் சில தகடுகளின் வழியே திருப்பினால் வித்தியாசம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். பேனலும் அதே அளவு கொதிக்கும். இங்கே வடிவமைப்பையே தாண்டிய ஒரு வரம்பு இருக்கிறது. 1824-இல் காரனாட் கண்ட வரம்பு அது. இன்றைய மொழியில் சொன்னால், எந்த வெப்ப எந்திரமும் எடுக்கக்கூடிய உச்ச பங்கு, வெப்பநிலை வித்தியாசத்தைச் சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தது. 340 கெல்வினில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 340-இல் ஒரு பங்கு. பின்னால் சதுர மீட்டருக்கு 700 வாட் வெப்பம் பாய்ந்தால், குறையே இல்லாத கற்பனை எந்திரம்கூட டிகிரிக்கு 2 வாட்தான் எடுக்கும். பிஸ்மத் டெல்லுரைடு அந்த வரம்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டால் அதிகம், அதாவது டிகிரிக்கு 0.4 வாட். பேனலின் இழப்போ டிகிரிக்கு 0.75 வாட். சூடு தாங்கும் ஹெட்டரோஜங்ஷன் பேனலில்கூட 0.53. ஒவ்வொரு டிகிரியிலும் நஷ்டம் என்றால், டிகிரியைக் கூட்டுவதால் நஷ்டம் பெருகுமே தவிரக் குறையாது.

பின்பக்கம் பெரிய ஹீட் சிங்க் (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துடுப்புகள்) வைத்துச் சோதித்து, மொத்த உற்பத்தி கூடியது என்று காட்டுபவர்களும் உண்டு. கூடியது உண்மைதான், கூட்டியது ஹீட் சிங்க். பெல்டியரைக் கழற்றிவிட்டு ஹீட் சிங்கை நேராகப் பேனலில் ஒட்டினால் இன்னும் கூடும்.

அப்படியானால் இந்தத் தகடு எதற்குத்தான்?

சூடு மிக அதிகமாகவும், குளிர் நிச்சயமாகவும், பழுது பார்க்க ஆள் இல்லாமலும் இருக்கும் இடத்துக்கு. 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் மின்சாரம் தருவது இந்த விளைவுதான். புளூட்டோனியம் 238 தரும் வெப்பம், சூடான பக்கம் 1,000 டிகிரி, குளிர்ந்த பக்கம் 300 டிகிரி, நடுவில் சிலிக்கான் ஜெர்மேனியம். காரனாட் வரம்பு 55 சதவீதம், கிடைத்தது ஆறரை சதவீதம். வரம்பில் எட்டில் ஒரு பங்குதான் என்றாலும், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாததால் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகிறது. தரையிலும் உண்டு. தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அடுப்புகளில் பர்னருக்குப் பக்கத்தில் சின்னக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒற்றைச் சந்தி. தீயில் இருக்கும்வரை 20, 30 மில்லிவோல்ட் தந்து, வால்வின் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

விறகடுப்பில் ஒட்டிப் பார்க்க விரும்பினால் 12706-ஐ வாங்காதீர்கள். அது குளிர்விக்கச் செய்த தகடு, உள்ளே பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 138 டிகிரியில் உருகிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே 200 டிகிரிக்கு மேல் தாங்கும் வகை தனியாக விற்கிறது. அதிலும் தகட்டைவிடக் குளிர்ந்த பக்கம்தான் முக்கியம். காற்றில் நிற்கும் அலுமினியத் துடுப்புகளைவிட, தண்ணீர் நிரம்பிய பாத்திரம் பல மடங்கு நன்றாக வேலை செய்யும். தண்ணீர் கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது என்பது கூடுதல் பாதுகாப்பு.

சூட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதென்றால்

வழி இருக்கிறது, ஆனால் வெயில் தரம் இறங்கிச் சில்லறையாவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். அதாவது குவிக்க வேண்டும். நீராவி டர்பைனுக்கு 565 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் கருநிறப் பரப்பு ஒன்று சதுர மீட்டருக்கு 28 கிலோவாட்டை வெளியே வீசும். வெயில் தருவதோ 1 கிலோவாட். ஆகவே குவிக்காமல் அந்த வெப்பநிலையை நெருங்கவே முடியாது. நூற்றுக்கணக்கான கண்ணாடிகளைத் திருப்பி ஒரு கோபுரத்தின் உச்சியில் 500 மடங்காக்கினால், 500 கிலோவாட்டில் 28 போவது பெரிதல்ல. 565 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் இடையே காரனாட் வரம்பு 63 சதவீதம். டர்பைன் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து 40 சதவீதம் தரும்.

ஸ்பெயினில் செவில்லிக்கு அருகிலுள்ள ஜெமாசோலார் 2011-லிருந்து இப்படி ஓடுகிறது. 19.9 மெகாவாட், 2,650 கண்ணாடிகள். கோபுரத்தில் ஏறி இறங்குவது நீரல்ல, உருகிய உப்பு: சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. தொட்டியில் தேக்கிய சூடு 15 மணி நேரம் தாங்குவதால் இரவிலும் டர்பைன் சுற்றும். இந்த உப்புக்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு. 600 டிகிரியை நெருங்கினால் சிதையும், 240-க்குக் கீழே இறுகத் தொடங்கும். குழாயில் இறுகிவிட்டால் நிலைமை படுமோசம். அதனால் குழாய் நெடுக மின்சூடேற்றி சுற்றி வைத்திருப்பார்கள். நெவாடாவிலுள்ள கிரசென்ட் டியூன்ஸ் நிலையம், தொட்டியில் கசிவு வந்து 2016-இல் நின்றது. மறுபடி ஓடப் பல மாதங்கள் ஆயின.

இந்தியாவில் ராஜஸ்தானின் நோக் கிராமத்தில் 50 மெகாவாட் நிலையம் 2013-லிருந்து இருக்கிறது. அங்கே கோபுரம் இல்லை, நீண்ட பரவளையத் தொட்டி வடிவக் கண்ணாடிகள், குழாயில் செயற்கை எண்ணெய். எண்ணெய் 400 டிகிரிக்கு மேல் தாங்காது, எனவே டர்பைன் திறனும் அங்கேயே நின்றுவிடும். சென்னைக் கரையில் ஏன் இதைக் கட்டவில்லை என்றால், கண்ணாடியால் குவிக்க முடிவது சூரிய வட்டிலிருந்து நேராக வரும் ஒளியை மட்டும்தான். ஈரமும் மேகமும் சிதறடித்த வெளிச்சத்தை எந்தக் கண்ணாடியும் குவிக்காது. சாதாரணப் பேனலுக்கு அந்தச் சிதறிய வெளிச்சமும் சாப்பாடுதான்.

டர்பைன் 40 சதவீதம் தந்தாலும் கண்ணாடி, கோபுரம், இரவுநேர இழப்பு எல்லாம் போக, ஆண்டு முழுவதும் பார்த்தால் வெயிலிலிருந்து மின்சாரமாவது 15 சதவீதச் சொச்சம். பேனல் இதைவிட அதிகம், விலையும் குறைவு. குவிப்பு நிலையங்கள் இன்று விற்பது மின்சாரத்தைவிட இரவுநேரச் சேமிப்பை என்பதே என் மதிப்பீடு.

சூட்டையும் ஒளி செல்லையும் இணைக்கும் ஒரு பாதையும் இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,400 டிகிரியில் ஒளிரும் பரப்பின் முன்னால் இரண்டடுக்கு ஒளி செல்லை வைத்து 41 சதவீதம் எடுத்தார்கள். வெயிலில் பேனல் இழக்கும் நீள அலைகளை இங்கே செல்லின் பின்னாலுள்ள கண்ணாடிப்பூச்சு அதே சூடான பரப்புக்குத் திருப்பி அனுப்பிவிடும், அது மறுபடி சூடாகி மறுபடி ஒளிரும். சூரியனுக்கு அப்படித் திருப்பி அனுப்ப வழியில்லை. ஒற்றை ஆற்றல் இடைவெளி கொண்ட செல்லுக்கு ஒரு வரம்பு உண்டு என்று இயற்பியலாளர்கள் ஷாக்லியும் குவைசரும் 1961-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்றைய கணக்கில் அது 34 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதைத் தாண்ட வெவ்வேறு இடைவெளி கொண்ட செல்களை அடுக்குவதுதான் வழி. சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை அடுக்கிய ஆய்வுக்கூடச் செல்கள் ஏற்கனவே 34-ஐத் தாண்டிவிட்டன. மாடிக்கு வந்து 25 ஆண்டு வெயில் தாங்குமா என்பது தனிக் கதை.

உங்கள் மாடியில் செய்யக்கூடியது

சூட்டை மின்சாரமாக்காதீர்கள், வெளியேற்றுங்கள். தகரக் கூரையின் மேல் ஒட்டினாற்போல் மாட்டிய பேனல், உயர்த்தி மாட்டியதைவிட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடாகலாம். அதுவே மூன்றரை சதவீதம். பேனலுக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது 10 முதல் 15 சென்டிமீட்டர் விடுங்கள், கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். அழகுக்காகச் சுற்றிலும் தகடு அடிப்பது காற்றின் வாயை அடைப்பது.

தண்ணீர் தெளித்தால்? 20 டிகிரி இறக்கினால் 7 சதவீதம், 550 வாட் பேனலுக்கு 38 வாட். பத்துப் பேனலை அப்படியே வைத்திருக்க மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் ஆவியாக வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு 100 லிட்டர், லாபம் இரண்டு யூனிட்டுக்குள், அதிலிருந்து பம்பு செலவைக் கழிக்க வேண்டும். போர் தண்ணீர் என்றால் ஆவியானது போக உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். சில மாதங்களில் அந்தப் படிவு தின்பது நீங்கள் பெற்ற லாபத்தைவிட அதிகமாகிவிடும். கழுவுவதென்றால் காலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை நண்பகலில் ஊற்ற வேண்டாம்.

சூடுதான் வேண்டுமென்றால், சூடாகவே பயன்படுத்துங்கள். 100 லிட்டர் நீரை 30-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 3.5 யூனிட் வேண்டும். வெற்றிடக் குழாய் வாட்டர் ஹீட்டர் ஒன்று, விழும் வெயிலில் பாதியை நீரில் சேர்த்துவிடும். பேனலின் பின்னாலேயே தண்ணீர்க் குழாய் பதித்த கலப்பு வகையும் வருகிறது. அதில் 40 டிகிரி நீரோடு நின்றால் பேனலுக்கும் நல்லது. 60 டிகிரி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் பேனலும் 60-க்கு மேல்தான் இருக்கும்.

கோடையில் உற்பத்தி திடீரென்று படியிறங்கினால் பேனலைச் சந்தேகிப்பதற்கு முன் இன்வெர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள். பல மாடல்கள் சுற்றுச்சூழல் 45 டிகிரியைத் தாண்டினால் தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். மேற்குச் சுவரில் வெயில் படும்படி மாட்டியிருந்தால் பிற்பகலில் இது நடக்கும். வரைபடத்தில் மதிய மேடு மெல்ல வளையாமல் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகிவிடும்.

கடைசியாக, வோல்டேஜ் சூட்டோடு மாறுவதால் வரும் தவறு ஒன்று. இது பணத்தையே எரிப்பது. திறந்த சுற்றில் 49.8 வோல்ட் தரும் பேனல்களைப் பன்னிரண்டாகத் தொடரில் இணைத்தால் 597.6 வோல்ட். இன்வெர்ட்டரின் உச்ச எல்லை 600 என்றால் சரியாகப் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் அது 25 டிகிரிக்கு. ஊட்டியில் மார்கழிக் காலையில் பேனல் 5 டிகிரியில் இருக்கும்போது முதல் வெயில் படுகிறது. 20 டிகிரி குளிர், டிகிரிக்கு 0.27 சதவீதம், ஆக பேனலுக்கு 52.5 வோல்ட், தொடருக்கு 630. இன்வெர்ட்டர் போய்விடும், உத்தரவாதமும் கூடவே போய்விடும். அங்கே பதினொன்றுதான் போட வேண்டும். எதிர்த்திசையிலும் உண்டு. இயங்கு வோல்டேஜ் 41.8 கொண்ட மூன்று பேனலைத் தொடராக்கினால் 125, இன்வெர்ட்டர் வேலை செய்யும் வோல்டேஜ் வீச்சின் கீழ் எல்லை 120 என்றால் பிப்ரவரியில் பிரச்சினை தெரியாது. மே மாதத்தில் 69 டிகிரியில் அது 106-க்கு இறங்கும், உச்சி வெயிலில் உற்பத்தி சரியும், மாலையில் வெயில் தணிந்து பேனல் ஆறியதும் மறுபடி வரும். 12 வோல்ட் பேட்டரிக்கான சின்னப் பேனலில் 36 செல்கள் வைப்பதற்கும் இதுதான் காரணம்: 25 டிகிரியில் 18 வோல்ட், கொதிக்கும் நாளில் 15 அளவில். பேட்டரி நிரம்பக் கேட்பது 14.4. செல்லைக் குறைத்து விலையைக் குறைத்த பேனல் குளிர்காலத்தில் நன்றாகச் சார்ஜ் ஏற்றும், கோடையில் மட்டும் பேட்டரி நிரம்பாமலே நிற்கும்.